ஆட்டம் கற்பித்த ஆசிரியர் ரகீம்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (கணிதவியல்)

கால்பந்தாட்டம் என்றதும் கோல் அடித்தவர்களின் பெயர்களே நம் நாவில் வரும். பெலேயை அறியாதவர் இலர்; மாரடோனாவை அறியாதவர் இலர். ஆனால் கோட்டுக்கு வெளியே நின்றபடியே நம் நாட்டுக்கு இரண்டு ஆசியத் தங்கப் பதக்கங்களைத் தேடித் தந்த பள்ளி ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவர்தாம் ஐதராபாத் ஈன்ற சையத் அப்துல் ரகீம். ரகீம் சாகிப் என்று அவருடைய மாணவர்கள் அன்போடு அழைத்த அப்பெருமகனாரின் வாழ்க்கையை நம் கல்லூரி மலரில் எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தோல்வி தந்த பாடம்

சென்ற ஆண்டு கல்லூரிகளுக்கிடையே நடந்த போட்டியில் நம் கால்பந்தாட்ட அணி 0-1 என்ற கணக்கில் தோற்று வெளியேறியதை நண்பர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த அணியில் நடுவரிசையில் ஆடியவன் நான். நம் வலப்புற முன்னணி வீரர் ஓடத் தொடங்கினால் காற்றும் பின்தங்கும். அதனால் பந்து என் காலுக்கு வந்ததும் தலை நிமிர்ந்து பார்க்காமலே வலப்புறம் தள்ளிவிடுவது என் வழக்கமாயிற்று. முதல் இரண்டு ஆட்டங்களில் அது பலித்தது. மூன்றாம் ஆட்டத்தில் எதிரணியினர் அவர் மீது இருவரைக் காவல் வைத்துவிட்டனர். பந்து புறப்படும் முன்பே அது போய்ச் சேரும் இடத்தில் அவர்கள் நின்றார்கள். இடப்புறமோ அறுவடை முடிந்த கரிசல் காடுபோல் ஆளின்றிக் கிடந்தது. ஆனாலும் நான் கடைசி நிமிடம் வரை வலப்புறமே தள்ளிக்கொண்டிருந்தேன். இடக்காலால் பத்தடி தூரம்கூட என்னால் பந்தை நேராக அனுப்ப முடியாது என்பதே உண்மை.

அன்று இரவு பேருந்தில் அருப்புக்கோட்டைக்குத் திரும்பும்போது ஒருவரும் பேசவில்லை. மறுவாரம் உடற்கல்வி இயக்குநர் ஐயா என்னை அழைத்தார். கடிந்துகொள்வார் என்று அஞ்சிச் சென்றேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. ரகீமின் வாழ்க்கையைத் தேடிப் படித்துவிட்டு வரும்படி மட்டும் சொன்னார். படித்தேன். அந்தப் படிப்பின் பயனே இக்கட்டுரை.

பிறப்பும் கல்வியும்

ரகீம் 1909ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17ஆம் நாள் ஐதராபாத்தில் பிறந்தார். அப்போது அது நிசாமின் ஆட்சிக்கு உட்பட்ட தனி அரசு. உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பயின்று பட்டம் பெற்றார். மாணவப் பருவத்தில் பல்கலைக்கழக அணிக்காகக் கால்பந்து ஆடினார். நல்ல ஆட்டக்காரர் என்று பெயர் எடுத்தாரே தவிர, நாடறிந்த வீரராக அவர் விளங்கவில்லை.

பட்டம் பெற்றபின் ஆசிரியத் தொழிலை மேற்கொண்டார். ஐதராபாத்தில் காச்சிகுடா நடுநிலைப்பள்ளி, தாருல் உலூம் உயர்நிலைப்பள்ளி, சாதர்காட் உயர்நிலைப்பள்ளி முதலிய இடங்களில் பணியாற்றினார். பின்னர் உடற்கல்வியில் பட்டயமும் பெற்றார். கரும்பலகையின் முன் நிற்கும் ஆசிரியர் ஒரு பாடத்தை எப்படிப் படிப்படியாகப் பிரித்து விளக்குவாரோ, அப்படியே அவர் ஆட்டத்தையும் பிரித்துப் பார்த்தார். 1943ஆம் ஆண்டு ஐதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளர் பொறுப்பை ஏற்ற அவர், இறுதி நாள் வரை அப்பொறுப்பிலிருந்து விலகவில்லை.

காவல்துறை அணியை வளர்த்தல்

1950ஆம் ஆண்டு ஐதராபாத் நகரக் காவல்துறை அணியின் பயிற்சியாளரானார். அந்த ஆண்டு தொடங்கி 1954 வரை, தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் பம்பாயில் நடந்த ரோவர்ஸ் கோப்பையை அந்த அணியே வென்றது. கல்கத்தாவின் பெரிய அணிகள் கொடிகட்டிப் பறந்த காலம் அது. தெற்கே இருந்து வந்த ஒரு காவல்துறை அணி ஐந்து ஆண்டுகள் அசையாமல் நின்றதைக் கண்டு நாடே வியந்தது.

இந்த வெற்றியின் இரகசியம் என்ன? அக்காலத்தில் நம் நாட்டில் இருவகை ஆட்டமே பெருவழக்கு. பந்தை நெடுந்தூரம் உதைத்துவிட்டு அதன் பின்னால் ஓடுவது ஒன்று. பந்தைக் கையகப்படுத்தியவர் தம் திறமை முழுவதையும் காட்டி ஒவ்வொருவராக ஏய்த்துச் செல்வது மற்றொன்று. இரண்டிலும் ஒரு குறை உண்டு. பந்து எங்கே போகும், யார் எடுத்துச் செல்வார் என்பது எதிரிக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும்.

ரகீம் இதை மாற்ற முனைந்தார். பந்தை ஒரே தொடுதலில் அல்லது இரண்டு தொடுதலில் அடுத்தவருக்குக் கொடுத்துவிடப் பழக்கினார். தனி ஒருவர் பந்தை உருட்டி ஏய்த்துச் செல்லவே கூடாது என்ற விதியோடு போட்டிகள் நடத்தினார். வலக்கால் பழக்கமுள்ளவர் இடக்காலாலும், இடக்கால் பழக்கமுள்ளவர் வலக்காலாலும் மட்டுமே உதைக்க வேண்டும் என்ற விதியோடும் போட்டிகள் வைத்தார். கேட்பதற்குச் சிறுபிள்ளை விளையாட்டுப்போல் தோன்றலாம். ஆனால் இரு காலும் பழகிய வீரன் இரு திசையிலும் திரும்புவான். அவன் எந்தப் பக்கம் திரும்புவான் என்று எதிரியால் சொல்ல இயலாது. இதைப் படித்தபோது பயனற்றுக் கிடந்த என் இடக்காலை நினைத்து வெட்கினேன்.

ஏழை வீரர்களுக்குத் தாயானவர்

செகந்திராபாத்தை அடுத்த அம்முகுடா என்னும் சிற்றூரில், ஓர் ஏழைத் தமிழ்க் குடும்பத்தில் துளசிதாஸ் பலராமன் என்ற இளைஞர் இருந்தார். அவருடைய ஆட்டத்தைக் கண்ட ரகீம் பயிற்சிக்கு அழைத்தார். நகருக்கு வந்துபோகும் செலவுக்கு வழியில்லை என்று அறிந்ததும் அதற்கும் உதவினார். அந்த இளைஞரே பிற்காலத்தில் சுனி கோஸ்வாமி, பி.கே. பானர்ஜி ஆகியோரோடு மும்மூர்த்திகளாக நின்று இந்திய அணியின் முன்னணியைத் தாங்கினார். பேருந்துக் கட்டணத்தைக் கணக்குப் பார்த்துக் கல்லூரிக்கு வரும் நம்மில் பலருக்கு அந்த உதவியின் அருமையை விளக்க வேண்டியதில்லை.

டெல்லியில் வெற்றி, ஹெல்சிங்கியில் வீழ்ச்சி

1951ஆம் ஆண்டு முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டி புதுடெல்லியில் நடைபெற்றது. ரகீமின் பயிற்சியில் இந்திய அணி இறுதி ஆட்டத்தில் ஈரானை 1-0 என்று வென்று தங்கப் பதக்கம் பெற்றது. அந்த ஒரு கோலை அடித்தவர் சாகு மேவாலால்.

ஆனால் மறு ஆண்டே பேரிடி விழுந்தது. 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் இந்தியா 1-10 என்று தோற்றது. நம் வீரர்களுள் பலர் வெறுங்காலுடன் ஆடினர். அத்தோல்விக்குப் பின் காலணி அணிவது கட்டாயமாக்கப்பட்டது. காலணியை மாற்றியதோடு பலர் மனநிறைவு அடைந்திருப்பர். ரகீமோ ஆட்டத்தின் அமைப்பையே மாற்றத் துணிந்தார்.

எதிரியின் கணக்கைக் குலைத்தல்

இங்கே ஆட்டத்தின் அமைப்பைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பழைய முறையில் முன்னணியில் ஐந்து பேர் ஒரே வரிசையில் நிற்பர். நடுவில் நிற்பவர் சென்டர் பார்வர்டு. அவரைக் காப்பதே எதிரணியின் நடுத் தடுப்பு வீரருக்கு வேலை. யார் யாரைக் காக்க வேண்டும் என்பது ஆட்டம் தொடங்கும் முன்பே முடிவாகிவிடும். வாடிக்கையாளர் வரும் நேரம் அறிந்த கடைக்காரர்போல் தடுப்பு வீரர் காத்திருக்கலாம்.

1953ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் இலண்டன் வெம்பிளி திடலில் இந்தக் கணக்குத் தலைகீழாயிற்று. ஹங்கேரி அணி இங்கிலாந்தை அதன் சொந்த மண்ணிலேயே 6-3 என்று முறியடித்தது. ஹங்கேரியின் சென்டர் பார்வர்டு ஹிடெக்குட்டி முன்னே நிற்காமல் நடுத்திடலுக்குப் பின்வாங்கி ஆடினார். அவரைத் தொடர்ந்து சென்றால் இங்கிலாந்தின் தடுப்பில் ஓட்டை விழும். தொடராமல் நின்றால் அவர் தடையின்றி ஆடுவார். இரண்டில் எதைச் செய்தாலும் கேடு.

இதே உத்தியை ஐம்பதுகளில் இந்திய அணியில் புகுத்தியவர் ரகீம். உலகம் பேசத் தொடங்கிய ஒரு கருத்தைத் தாமதமின்றிப் பற்றிக்கொண்டு, நம் வீரர்களின் உடல்வாகுக்கும் பழக்கத்துக்கும் ஏற்ப அமைத்தார். பிரேசில் அணி 1958இல் உலகக் கோப்பையை வென்றபோது கையாண்ட நான்கு, இரண்டு, நான்கு என்னும் அமைப்பையும் நம் அணி பழகிக்கொண்டது.

மெல்போர்னும் ரோமும்

1956ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்திய அணி ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்றது. நெவில் டிசௌசா மூன்று கோல்களும், கிட்டு என்று அழைக்கப்பட்ட கிருஷ்ணசாமி ஒரு கோலும் அடித்தனர். ஒலிம்பிக் கால்பந்தில் அரை இறுதிக்குச் சென்ற முதல் ஆசிய அணி என்னும் பெருமை நமக்குக் கிடைத்தது. அரை இறுதியில் எதிரே நின்றது அதே யூகோஸ்லாவியா. முதல் கோலை அடித்தது இந்தியாதான். முடிவில் 1-4 என்று தோற்றாலும், நான்கு ஆண்டுகளுக்கு முன் பத்து கோல் வாங்கிய அணியா இது என்று உலகம் கேட்கும்படி ஆடினர். பின்னர் பல்கேரியாவிடம் தோற்று நான்காம் இடம் பெற்றனர். ஒலிம்பிக்கில் இந்தியக் கால்பந்து எட்டிய உச்சி இன்றுவரை அதுவே.

1960இல் ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரியிடம் 1-2 என்று தோற்றாலும், பிரான்சு அணியோடு 1-1 என்று சமன் செய்தது நம் அணி. அந்த அணியில் நம் தமிழகத்தைச் சேர்ந்த சைமன் சுந்தரராஜும் இடம்பெற்றிருந்தார் என்பது நமக்குப் பெருமை.

ஜகார்த்தாவின் திருப்புமுனை

இனிச் சொல்லப்போவது ரகீமின் வாழ்க்கையின் சிகரம். 1962ஆம் ஆண்டு நான்காவது ஆசிய விளையாட்டுப் போட்டி இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தாவில் நடந்தது. முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் இந்தியா 0-2 என்று தோற்றது. அடுத்து தாய்லாந்தை 4-1 என்று வென்றபோது, தடுப்பு அரணாக விளங்கிய ஜர்னைல் சிங்குக்குத் தலையில் பலத்த அடிபட்டுத் தையல் போட நேர்ந்தது. அவரின்றியே ஜப்பானை 2-0 என்று வென்று அரை இறுதிக்கு வந்தனர்.

இந்நிலையில் வேறொரு பயிற்சியாளர் என்ன செய்திருப்பார்? காயம்பட்ட தடுப்பு வீரரை வெளியே உட்கார வைத்திருப்பார்; அல்லது கட்டுப்போட்டு அவருடைய பழைய இடத்திலேயே நிறுத்தியிருப்பார். ரகீம் இரண்டையும் செய்யவில்லை. தடுப்பு வீரரான ஜர்னைல் சிங்கைச் சென்டர் பார்வர்டாக முன்னே அனுப்பினார். நடுத் தடுப்பை அருண் கோஷிடம் ஒப்படைத்தார். இது கண்ணை மூடிக்கொண்டு ஆடிய சூதாட்டம் அன்று. ஜர்னைல் சிங் கல்லூரி நாள்களில் முன்னணியில் ஆடிப் பழகியவர் என்பதை ரகீம் அறிந்து வைத்திருந்தார். தெற்கு வியட்நாமுக்கு எதிரான அரை இறுதியில் இந்தியா 3-2 என்று வென்றது. ஜர்னைல் சிங்கும் ஒரு கோல் அடித்தார்.

செப்டம்பர் 4ஆம் நாள் இறுதி ஆட்டம். எதிரே மீண்டும் தென் கொரியா. போட்டி அமைப்பைப் பற்றி இந்திய அலுவலர் ஒருவர் தெரிவித்த கருத்தால் சினமுற்றிருந்த ஏறத்தாழ ஒரு இலட்சம் பார்வையாளர்கள் நம் வீரர்களுக்கு எதிராகக் கூச்சலிட்டனர். ஆட்டத்தின் 17ஆம் நிமிடத்தில் பி.கே. பானர்ஜி முதல் கோலை அடித்தார். 20ஆம் நிமிடத்தில், தலையில் காயத்துடன் ஆடிய ஜர்னைல் சிங் இரண்டாம் கோலை அடித்தார். தென் கொரியா இறுதிக் கட்டத்தில் ஒரு கோல் மட்டுமே திருப்ப முடிந்தது. மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணியில் ஆடிப் பெயர் பெற்ற பீட்டர் தங்கராஜ் கோல் கம்பங்களிடையே கோட்டைச் சுவராக நின்றார். 2-1. தங்கம் நமதாயிற்று!

எண்ணிப் பாருங்கள். அதே தென் கொரியா. ஏறக்குறைய அதே இந்திய வீரர்கள். இரண்டு வாரங்கூட ஆகவில்லை. முதலில் 0-2, முடிவில் 2-1. முதல் ஆட்டத்தில் தங்களைத் தடுத்து நின்ற ஆளே இறுதி ஆட்டத்தில் தங்கள் கோலை நோக்கிப் பாய்ந்து வருவார் என்று கொரிய வீரர்கள் எப்படி எதிர்பார்த்திருக்க முடியும்?

கணிதமும் கரிசலும் சொல்வது

ரகீம் களத்தில் கண்டதைக் கணிதமும் ஒப்புகிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் புளியங்கொட்டையைக் கைக்குள் மறைத்து ஒத்தையா இரட்டையா என்று கேட்டு விளையாடுவதை அறிவீர்கள். எப்போதும் ஒத்தையாகவே மறைப்பவன் நான்கு தடவைக்குள் கொட்டை முழுவதையும் இழப்பான். ஒத்தையும் இரட்டையும் முறைமை தெரியாதபடி கலந்து மறைப்பவனை எவரும் எளிதில் வெல்ல முடியாது. ஆட்டக் கோட்பாடு என்னும் கணிதப் பகுதியின் அடிப்படை இதுவே. ஹங்கேரியில் பிறந்த ஜான் வான் நியூமன் என்னும் கணித மேதை 1928ஆம் ஆண்டிலேயே இதற்கான தேற்றத்தை நிறுவினார். சேணப் புள்ளி இல்லாத ஆட்டத்தில் ஒரே உத்தியைப் பற்றிக்கொண்டிருப்பவன் அதை அறிந்த எதிரிக்கு இரையாவான். தக்க விகிதத்தில் உத்திகளைக் கலப்பவனே தன்னைக் காத்துக்கொள்வான். எங்கள் வலப்புற உத்தி நல்ல உத்திதான். அதை மட்டுமே கையாண்டதே பிழை.

திருச்சுழிப் பக்கத்துச் சிற்றூரில் மானாவாரிக் காடு வைத்திருக்கும் என் தந்தையார் பள்ளிப் படிப்பை முடிக்காதவர். அவரிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். பருத்தி போட்ட காட்டிலே வருடந்தோறும் பருத்தியே போட்டால் காய்ப்புழு நமக்கு முன்பே வந்து காத்திருக்கும் என்பது அவருக்குத் தெரியாததா? பருத்திக்கு நடுவே உளுந்து விதைப்பதும், மறு ஆண்டு கம்புக்கோ குதிரைவாலிக்கோ மாறுவதும் எங்கள் கரிசலில் பாட்டன் காலத்துப் பழக்கம். நான் நூல் படித்து அறிந்ததை அவர் மண்ணைப் படித்து அறிந்திருக்கிறார்.

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. மாற்றம் என்பது கடைசி நிமிடத்தில் தோன்றும் மாயம் அன்று. அன்றாடம் பல ஆண்டுகள் இரு காலையும் பழக்கியதாலும், ஒவ்வொரு வீரரின் முன் வரலாற்றையும் அறிந்து வைத்திருந்ததாலுமே ரகீமால் ஜகார்த்தாவில் துணிய முடிந்தது. இடக்கால் பழகாத என்னை இடப்புறம் பந்து அனுப்பச் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? பல வழி பழகியவனுக்கே வழி மாற்றும் உரிமை உண்டு.

மறைவும் புகழும்

ஜகார்த்தா வெற்றியின்போதே ரகீமின் உடல் நலம் குன்றியிருந்தது. நுரையீரல் புற்றுநோய் அவரை வாட்டியது. அடுத்த ஆண்டு, 1963 ஜூன் மாதம், தம் 53ஆம் வயதில் அவர் காலமானார். அவருடைய மகன் சையத் ஷாகித் ஹக்கீம் ரோம் ஒலிம்பிக் அணியில் இடம்பெற்றவர். பிற்காலத்தில் பன்னாட்டு நடுவராகவும் விளங்கினார்.

ரகீமுக்குப் பின் 1970ஆம் ஆண்டு பாங்காக்கில் வெண்கலம் கிடைத்தது. ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் தங்கம் மட்டும் அன்று முதல் இன்றுவரை நமக்குக் கிட்டவில்லை. நெடுங்காலம் நாடு அவரை மறந்தே இருந்தது. 2024ஆம் ஆண்டு அவர் வாழ்க்கையைத் தழுவி மைதான் என்னும் இந்தித் திரைப்படம் வந்த பிறகே இளைஞர் பலர் அவர் பெயரைக் கேள்விப்பட்டனர்.

முடிவுரை

நண்பர்களே! ரகீம் பெருவீரர் அல்லர், பெருஞ்செல்வர் அல்லர், ஒரு பள்ளி ஆசிரியர். பத்து கோல் வாங்கித் தோற்றபோது அவர் விதியை நோகவில்லை, வீரர்களைப் பழிக்கவில்லை. தம் முறையில் என்ன குறை என்று தேடினார். நேற்று வென்ற வழியே நாளையும் வெல்லும் என்று நம்பி உறங்குவோர்க்கு அவர் வாழ்க்கை ஓர் எச்சரிக்கை. தோற்றவர்க்கோ அது பெரும் ஆறுதல்.

கோடையில் வற்றிக் கிடக்கும் எங்கள் ஊர்க் கண்மாயின் வெடித்த மண்ணில், சீமைக் கருவேல முள்ளை ஒதுக்கிவிட்டு, இப்போது நாள்தோறும் மாலையில் இடக்காலால் மட்டும் பந்து உதைத்துப் பழகி வருகிறேன். முதல் மாதம் பந்து கரையேறிப் போயிற்று. இப்போது இருபதடிக்கு நேராகப் போகிறது. வருகின்ற போட்டியில் நம் அணி வெல்லுமோ தோற்குமோ, அறியேன். ஆனால் பந்து என் காலுக்கு வரும்போது தலை நிமிர்ந்து இரு பக்கமும் பார்ப்பேன். அது எங்கே போகும் என்று எதிரணிக்கு முன்கூட்டித் தெரியாது. அந்த அளவிலேனும் ரகீம் சாகிப் எனக்கும் ஆசிரியரே.

வாழ்க அவர் புகழ்!